நட்டம் வந்தால் நாங்கள் எத்தனாவது ஆள்? சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் நாணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைக்காக இந்த மடலை எழுதுகிறேன். ஒரு நிறுவனமோ வங்கியோ நாடோ வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாமல் நிற்கும் நாளில் நட்டத்தை முதலில் ஏற்பவர் யார், அடுத்து யார், கடைசியாக யார்? அந்த வரிசையை மாற்றும் அதிகாரம் எந்த நாட்டில், யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை, முதலீட்டை விற்கும்போதே, ஒரே பக்கத்தில், நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதித் தர வேண்டும் என்று நீங்கள் விதி செய்ய வேண்டும்.

நான் கப்பல் பட்டறை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில், மூத்தோருக்கு வரும் கடிதங்களை வாசித்து விளக்கும் தொண்டூழியம் செய்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதம், மசேநி (மத்திய சேமநிதி) கடிதம், பலதுறை மருந்தகத் தாள் எல்லாம் வரும். அவற்றைப் புரியவைப்பது பெரிய பாடில்லை. முதலீட்டுத் தாள்கள்தான் என்னையே திணற வைக்கின்றன. வட்டி எவ்வளவு என்பது முதல் பக்கத்திலேயே பளிச்சென்று இருக்கும். பணம் போனால் எப்படிப் போகும் என்பது எங்கோ உள்ளே, வழக்கறிஞர்கள் எழுதிய ஆங்கிலத்தில் இருக்கும். மூத்தோர் கேட்பதோ அதைத்தான்: “ஏதாச்சும் ஆச்சுன்னா என் காசு திரும்பி வருமா தம்பி?”

பொருளியல் நெருக்கடி முடிந்த பிறகு எந்த நாட்டிலும் நடப்பது ஒரு பங்கீடு. காணாமல் போன பணத்தின் சுமையை யாராவது ஏற்றாக வேண்டும். வரி கட்டுபவர், வங்கியில் வைப்புத்தொகை போட்டவர், கடன் பத்திரம் வாங்கியவர், பங்குதாரர், ஓய்வுக்கால நிதியில் சேமித்த தொழிலாளி, இவர்களில் ஒருவர் தலையில்தான் அது விழும். யார் தலையில் என்பதை ஒப்பந்தம் ஓரளவு சொல்லும். மிச்சத்தை அரசியல் சொல்லும். முதலீட்டாளர் ஒப்பந்தத்தை நம்புகிறார், வாக்காளர் நாடாளுமன்றத்தை நம்புகிறார். நெருக்கடி வந்ததும் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எங்களைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறோம். வாக்காளரும் நாங்களே, சிறு முதலீட்டாளரும் நாங்களே.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலானது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லீமனோடு தொடர்புடைய மினிபாண்ட் முதலான கட்டமைக்கப்பட்ட பத்திரங்களில் இங்கே கிட்டத்தட்ட 10,000 சிறு முதலீட்டாளர்கள் 500 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போட்டிருந்தார்கள். வைப்புத்தொகையைவிட வட்டி கொஞ்சம் கூடுதல், தாளில் பெரிய பெரிய நிறுவனங்களின் பெயர்கள், அதனால் இது பத்திரமானது என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்களில்தான் ஆபத்தே இருந்தது. பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்று கடன் தவறினாலும் முதலீட்டாளரின் அசலில் கை வைக்கும்படிதான் அந்த ஏற்பாடு. பிறருடைய நட்டத்தைத் தாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்த கூலிதான் அந்தக் கூடுதல் வட்டி. அப்படிக் கையெழுத்துப் போட்டோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

என் புளோக்கில் இருந்த ஓர் அக்கா அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தவர். கணவர் இறந்தபின் வந்த காப்புறுதிப் பணத்தை, முதிர்ந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போன இடத்தில், அப்படி ஒரு முதலீட்டில் போட்டுவிட்டு வந்தார். விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர் புகார் கொடுத்தார், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் கடைசிவரை அவருக்கு விளங்காத ஒன்று உண்டு. அதே 2008ல், அக்டோபர் 16ஆம் தேதி, வங்கிகளில் உள்ள எல்லா வைப்புகளுக்கும் 2010 முடிவுவரை முழு உத்தரவாதம் என்று அரசாங்கம் அறிவித்தது. 150 பில்லியன் வெள்ளி இருப்புநிதி அதற்குப் பின்பலமாக நின்றது. “பக்கத்துக் கவுண்டர்ல போட்டவங்க காசுக்கு நாடே ஜாமீன், என் காசுக்கு யாருமில்லையா?” என்று கேட்டார்.

சரி, அந்த முடிவு தவறா? தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். ஹாங்காங் இரண்டு நாளைக்கு முன்பே அப்படி ஓர் உத்தரவாதத்தை அறிவித்துவிட்டது. நாம் சும்மா இருந்திருந்தால் இங்குள்ள வைப்புகள் அங்கே போயிருக்கும். வைப்புத்தொகையைக் காப்பாற்றுவதும், கூடுதல் வட்டிக்காக ஆபத்தை ஏற்றவர் நட்டத்தையும் ஏற்பதும் நியாயமான வரிசைதான். அந்த அக்காவுக்கு அந்த வரிசையில் தம் இடம் எது என்று முதலீடு செய்த நாளில் தெரியவில்லை. அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாங்காங்கிலும் மினிபாண்ட் விற்றார்கள், அங்கே பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் அதிகம். சட்டமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, தெருவில் ஆர்ப்பாட்டம் ஓயவில்லை. 2009 ஜூலையில் 16 வங்கிகள், 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அசலில் 60 விழுக்காடும் 65ஐ எட்டியவர்களுக்கு 70 விழுக்காடும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டன. இங்கே ஒவ்வொரு புகாரும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டது. ஹாங் லிம் பூங்காவில் மக்கள் கூடினார்கள், மனுவில் கையெழுத்திட்டார்கள். நீங்கள் விரிவான விசாரணை அறிக்கையை வெளியிட்டு, 10 நிறுவனங்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை அப்படிப்பட்ட பத்திரங்களை விற்கத் தடை போட்டீர்கள். இரண்டில் எது மேல் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஒரே வகைப் பத்திரம், ஒரே முறிவு, ஊர் மாறியதும் முடிவு மாறியது. பத்திரத்தின் தாளில் எழுதியிருந்தது மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

அதன்பிறகு நீங்கள் நிறைய செய்திருக்கிறீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். சிக்கலான முதலீடு வாங்குபவருக்கு அதைப் பற்றிய அறிவோ அனுபவமோ இருக்கிறதா என்று 2012 முதல் சோதிக்கச் சொன்னீர்கள். 62 வயதை எட்டியவர், ஆங்கிலம் சரளமாக வராதவர், சாதாரண நிலைத் தேர்வுவரை படிக்காதவர், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்றும், நம்பகமான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்றும் விதித்தீர்கள். ஆங்கிலம் தெரியாதது ஒரு பலவீனமாகிவிடக் கூடாது என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டதற்கு இது சாட்சி. அப்புறம் ஏன் தாள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்க வேண்டும்?

ஹைஃபிளக்ஸ் விவகாரம் இந்த விதிகளுக்கெல்லாம் பிறகு வெடித்தது. 2016ல் அந்த நிறுவனம் வெளியிட்ட நிரந்தரக் கடன் பத்திரத்துக்கு, அதாவது அசலைத் திருப்பித் தரக் காலக்கெடு இல்லாத பத்திரத்துக்கு, 6 விழுக்காடு வட்டி. ஏடிஎம் இயந்திரத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாட்டுக்குத் தண்ணீர் தரும் நிறுவனம் என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது, அதைக் குறை சொல்லவும் முடியாது. 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்களின் 900 மில்லியன் வெள்ளி அதன் நிரந்தரப் பத்திரங்களிலும் முன்னுரிமைப் பங்குகளிலும் மாட்டிக்கொண்டது. பணம் திரும்பப் பெறும் வரிசையில் வங்கிகளுக்கும் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் பின்னால், சாதாரணப் பங்குதாரருக்குச் சற்று முன்னால், அவ்வளவுதான் அவர்கள் இடம். 2019 மார்ச்சில் மறுபடியும் ஹாங் லிம் பூங்கா. 2021 ஜூலையில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏடிஎம் திரையில் பொத்தானை அழுத்துமுன், “நிறுவனம் முறிந்தால் உங்களுக்கு முன்னால் வங்கிகள் நிற்கும்” என்று ஒரு வரி தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் தெரிந்திருந்தால் எல்லாரும் விலகியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. போட்ட தொகையைக் குறைத்திருப்பார்கள். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கரூருக்கு வருகிறேன். 1926ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைத் தெரியாத தமிழ்நாட்டு வணிகக் குடும்பம் குறைவு. 2020 நவம்பர் 17 அன்று அதன் நடவடிக்கைகளுக்கு ஒரு மாதத் தடை வந்தது, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அன்றே, அந்த வங்கியை நம் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கும் வரைவுத் திட்டத்தை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. ஆட்சேபணை சொல்ல நவம்பர் 20 வரை நேரம். 27ஆம் தேதி இணைப்பு நடைமுறைக்கு வந்தது. வைப்புத்தொகை போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. பங்குதாரர்களின் பங்குகள் மொத்தமாக அழிக்கப்பட்டன. இரண்டாம் நிலை மூலதனப் பத்திரங்கள், அதாவது வைப்பாளர்களுக்குப் பின்னரே பணம் பெறும் வங்கிப் பத்திரங்கள், 318 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, ஒன்றுமில்லை என்று எழுதித் தள்ளப்பட்டன.

இணைப்பு அவசியமானது. வைப்பாளர்கள் காப்பாற்றப்பட்டது பெரிய நிம்மதி. பங்குதாரர்தான் முதலில் நட்டத்தை ஏற்க வேண்டும் என்பதும் சரியான நெறி. ஆனால் பரம்பரையாகப் பங்கு வைத்திருந்த ஒரு குடும்பம் தன் நியாயத்தைச் சொல்ல மூன்று நாள் போதுமா? தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த மன்றத்திலும் விவாதம் நடக்கவில்லை. அமைச்சரவை ஒப்புதல் தந்தது, முடிந்தது. பிறகு வழக்குகள். நெருக்கடி நேரத்தில் வேகம் தேவை என்பது எனக்குப் புரிகிறது. வேகம் தேவைப்படும் காரியத்துக்கு விதியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பி இந்திய வங்கிகளில் வைப்பு வைத்திருக்கும் ஊழியர்கள் எத்தனையோ பேர். அங்கே வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான், நம் காசில் பத்தாயிரம் வெள்ளியைத் தொடாது. எங்கள் மன்றத்தில் இதைச் சொன்னபோது பலருக்கு அது புதிய செய்தி.

இலங்கையைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு, மலையகத்தில் உறவு உள்ளவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று அந்த நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூலை 9 அன்று மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜூலை 14 அன்று கோத்தபாய ராஜபக்ச சாங்கியில் வந்து இறங்கி, இங்கிருந்துதான் பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு ஏறியிருந்தது. செய்தியில் இவையெல்லாம் வந்தன. அதற்குப் பிறகு நடந்த பங்கீட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்படவில்லை.

2023 மார்ச்சில் அனைத்துலகப் பண நிதியம் சுமார் 3 பில்லியன் அமெரிக்க டாலர் உதவிக்கு ஒப்புதல் தந்தது. அதன் கணக்குப்படி உள்நாட்டுக் கடனிலும் குறைப்பு தேவைப்பட்டது. ஜூன் கடைசியில் திட்டம் வெளியானது. ஜூன் 30ஐச் சிறப்பு வங்கி விடுமுறையாக்கி, ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வங்கிகள் கைவசம் வைத்திருந்த அரசாங்கப் பத்திரங்களை அது தொடவில்லை. ஏற்கெனவே வங்கிகள் பலவீனமாக இருக்கின்றன, அவை சாய்ந்தால் எல்லாம் சாயும் என்று காரணம் சொன்னார்கள். சுமை ஊழியர் சேமலாப நிதியத்தின்மேல் விழுந்தது. பழைய பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, முதலில் 12 விழுக்காடும் பிறகு 9 விழுக்காடும் வட்டி தரும் புதிய பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 விழுக்காட்டுக்குப் பதில் 30 விழுக்காடு வரி. இதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

அந்த நிதியத்தில் இருப்பது தனியார் துறை ஊழியர்களின் பணம், தோட்டத் தொழிலாளர்களின் பணம். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் வாழ்நாள் சேமிப்பை எதில் போடுவது என்று முடிவு செய்ததில்லை. சட்டப்படி சம்பளத்தில் பிடித்தார்கள், நிதியம் அதை அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தது. வெளிநாட்டுப் பத்திரதாரர்களின் கதை வேறு. அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வழக்கறிஞர்களோடும் ஆலோசகர்களோடும் மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். 2024 டிசம்பரில் முடிந்த பரிமாற்றத்தில், நாட்டின் பொருளியல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிபந்தனையையும் பெற்றார்கள். தேயிலைத் தொழிலாளியின் நிதியத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நாடு மீண்டு எழுந்தால் அதில் வெளிநாட்டு முதலீட்டாளருக்குப் பங்கு உண்டு, உழைத்து எழுப்பியவரின் சேமிப்புக்கு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அரசியல் பக்கத்தையும் பாருங்கள். பத்திரதாரர்களோடு கொள்கை அளவில் உடன்பாடு எட்டிவிட்டதாக 2024 செப்டம்பர் 19 அன்று அறிவித்தார்கள். அதிபர் தேர்தல் 21ஆம் தேதி. புதிய அதிபர் அனுர குமார திசாநாயக்க வந்ததும் அந்த உடன்பாட்டையே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வாக்குச்சாவடிக்குப் போகுமுன்னரே கணக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணம் மக்களுக்கு வந்தால், அடுத்த முறை அவர்கள் தேர்தலை நம்புவார்களா? கிரீஸ் மக்கள் 2015 ஜூலை 5 அன்று 61 விழுக்காட்டினர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்று வாக்களித்தும், அதே மாதம் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அவர்களது அரசாங்கம் சம்மதித்தது. முறிந்த வங்கியின் வெளிநாட்டு வைப்பாளர்களுக்கான சுமையை நாடு ஏற்பதை ஐஸ்லாந்து மக்கள் இரண்டு முறை வாக்களித்து மறுத்தார்கள், 2013ல் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. இரண்டு நாட்டின் நிலைமையும் வேறு வேறு, அதனால் ஒப்பிட்டு நீட்ட விரும்பவில்லை.

சைப்ரஸில் நடந்தது உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 2013 மார்ச் மாதம், ஒரு வார இறுதியில், வங்கி வைப்புகள்மேல் ஒரு தடவை வரி போடப் போவதாக அறிவித்தார்கள். 100,000 யூரோவுக்குக் குறைவான, காப்புறுதி உள்ள வைப்புகளுக்கும் 6.75 விழுக்காடு! காப்புறுதி என்று அச்சடித்துக் கொடுத்த வாக்கை ஒரே இரவில் வரி என்று பெயர் மாற்றி எடுக்கப் பார்த்தார்கள். மார்ச் 19 அன்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட அதற்கு ஆதரவாகக் கை தூக்கவில்லை. பிறகு திட்டத்தை மாற்றினார்கள். சிறிய வைப்புகள் தப்பின, பேங்க் ஆஃப் சைப்ரஸில் காப்புறுதி வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள் அந்த மிகுதியில் 47.5 விழுக்காட்டை இழந்தார்கள். நாடாளுமன்றம் என்று ஒன்று இருந்ததால்தான் எளியவரின் பணம் தப்பியது. ஜனநாயகம் முதலீட்டாளருக்கு இடைஞ்சல் என்று பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன்.

வரிசையை மாற்றுவது யார் என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்தது உண்டு. 1998 செப்டம்பர் 1 அன்று மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து, அடுத்த நாள் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தது. அதையொட்டி, இங்கே கிளாப் என்ற பங்குச் சந்தையில் மலேசியப் பங்குகளை வாங்கியிருந்த 170,000க்கும் மேற்பட்டோரின் முதலீடு முடங்கியது. பெரும்பாலோர் சிங்கப்பூரர்கள். நாட்டின் நெருக்கடிக்கு மலேசிய அரசாங்கம் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தது, அது அவர்களின் உரிமை. ஆனால் பங்கை விற்ற நாளில், “இது இன்னொரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது, அந்த நாடு வழியை அடைத்தால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் தீர 2000ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர்ப் பங்கு முதலீட்டாளர் சங்கம் 1999ல் பிறந்ததே இந்தப் போராட்டத்தில்தான்.

2023 மார்ச் 19, மறுபடியும் ஒரு வார இறுதி. கிரெடிட் சுவிஸ் வங்கியை யுபிஎஸ் வாங்கியபோது பங்குதாரர்களுக்கு 3 பில்லியன் பிராங்க் கிடைத்தது. பணம் பெறும் வரிசையில் அவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள், ஏடி1 என்ற வங்கி மூலதனப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள். அவர்களின் 16 பில்லியன் பிராங்க் பூஜ்யமானது. அவசரச் சட்டம் ஒன்று துணை நின்றது. 2025 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்த அழிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னது, மேல்முறையீடும் வந்தது. சட்ட ஒழுங்குக்குப் பேர்போன நாட்டிலேயே வரிசை தலைகீழானது.

அப்போது நீங்கள் செய்த ஒரு காரியத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். மூன்றே நாளில், மார்ச் 22 அன்று, அறிக்கை வெளியிட்டீர்கள். சிங்கப்பூரில் முறியும் நிலையில் உள்ள ஒரு நிதி நிறுவனத்தை ஆணையம் கையில் எடுக்கும் நிலை ஏற்பட்டால் பங்குதாரர் முதலில் நட்டத்தை ஏற்பார், அதன் பிறகே ஏடி1, இரண்டாம் நிலைப் பத்திரதாரர்கள் என்ற வரிசையைக் கடைப்பிடிப்போம் என்று சொன்னீர்கள். சந்தை அதனால் பதறவில்லை, தெளிவு கிடைத்தது. வரிசையை வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு உங்கள் அந்த அறிக்கையே பதில். பெரிய முதலீட்டாளர்களுக்கு அந்தத் தெளிவைத் தந்தீர்கள். அதையே 20,000 வெள்ளியோடு வரும் ஒரு பாட்டிக்கும் அவர் மொழியில் தாருங்கள் என்கிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் தாள் கட்டாயமாக இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்பீர்கள். அந்தத் தாளில் கட்டணம், காலம், ஆபத்து என்று பல விவரங்கள் இருக்கின்றன. வரிசை அவற்றுள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தனியாக, முதல் பக்கமாக வர வேண்டியது அது. மொழிபெயர்ப்புக்குச் செலவாகும், பிழை வந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்கலாம். ஒரே வகை முதலீட்டுக்கு ஒரே பக்கம்தானே? நிரந்தரப் பத்திரம், முன்னுரிமைப் பங்கு, கட்டமைக்கப்பட்ட வைப்பு (வேறொரு முதலீட்டின் போக்கைப் பொறுத்து வருமானம் தரும் வைப்பு), வெளிநாட்டு நாணய வைப்பு என்று சில வகைகளுக்கு ஆணையமே ஒரு மாதிரியை நான்கு மொழியிலும் வெளியிட்டால் விற்பவருக்குச் செலவு அதிகமில்லை, பிழைக்கும் இடமில்லை.

மாதிரி எப்படி இருக்கலாம்? நிரந்தரக் கடன் பத்திரத்துக்கு நான் இப்படி எழுதுவேன்: “இது வைப்புத்தொகை இல்லை. வைப்புக் காப்புறுதி இதற்குக் கிடையாது. அசலைத் திருப்பித் தர நிறுவனத்துக்குக் காலக்கெடு எதுவும் இல்லை. வட்டியைத் தள்ளிப்போடவும் அதற்கு உரிமை இருக்கலாம். நிறுவனம் முறிந்தால் வங்கிகளும் கடன் கொடுத்த மற்றவர்களும் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. மிச்சம் இல்லாமலே போகலாம். இந்தப் பத்திரம் இந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. அந்த நாட்டின் அரசாங்கமோ ஒழுங்குமுறை அமைப்போ இந்த வரிசையை மாற்ற முடியும் அல்லது முடியாது.” வெளிநாட்டு நாணய வைப்புக்கு இரண்டே வரி போதும். 2024 ஏப்ரல் முதல் காப்புறுதி 100,000 வெள்ளியாக உயர்ந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது சிங்கப்பூர் வெள்ளியில் உள்ள வைப்புகளுக்கு மட்டும்தான், கட்டமைக்கப்பட்ட வைப்புக்கும் வெளிநாட்டு நாணய வைப்புக்கும் பொருந்தாது என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இதோடு சேர்த்து ஒரு சிறிய வேண்டுகோள். 2009 ஜனவரியில் தர்மன் சண்முகரத்தினம் நிதியமைச்சராக இருந்து 20.5 பில்லியன் வெள்ளி மீள்திறன் திட்டத்தை அறிவித்தபோது, முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்புநிதியிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அதிபர் எஸ். ஆர். நாதனின் ஒப்புதல் கேட்கப்பட்டது. அதுவே முதல் முறை. யார் கேட்டார், யார் சம்மதித்தார், எதற்குச் செலவானது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. முதலாளிகள் ஆட்களை வேலையிலிருந்து அனுப்பாமல் இருக்க, ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு அரசாங்கம் கொடுத்தது. இருப்புநிதியைத் திறக்க அதிபரின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் அதை இரண்டாவது சாவி என்பார்கள். கொவிட் காலத்திலும் அந்த இரண்டாவது சாவி பயன்பட்டது. இன்று அந்தச் சாவி அதிபர் தர்மனிடம் இருக்கிறது. பொதுப் பணத்துக்கு இருக்கும் இந்த வெளிப்படை, ஒரு நிறுவனத்தின் முறிவில் தனியார் நட்டம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதற்கும் இருக்கட்டும். சிறு முதலீட்டாளர்கள் பெருவாரியாகப் பாதிக்கப்படும் ஒவ்வொரு முறிவுக்குப் பிறகும், மினிபாண்டுக்கு நீங்கள் செய்ததைப் போல ஓர் அறிக்கை, குறிப்பிட்ட காலத்துக்குள், நாடாளுமன்றத்தின் முன் வரட்டும். அதன் சுருக்கம் நான்கு மொழியிலும் வரட்டும்.

முதலீட்டில் நட்டம் வந்தால் அரசாங்கம் ஈடு செய்ய வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அப்படிச் செய்தால் முதலீடே செய்யாத டாக்சி ஓட்டுநரும் உணவங்காடிக் கடைக்காரரும் கட்டும் வரியிலிருந்துதான் அது போகும். ஆபத்தை ஏற்றவர் நட்டத்தை ஏற்கட்டும். தெரிந்து ஏற்கட்டும்.

மாதிரித் தாளை எழுதிப் பார்ப்பதற்கு உங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டால் எங்கள் குழு தயார். எங்களிடம் தமிழில் வாசிக்கத் தெரிந்த, ஆனால் ஆங்கிலம் அதிகம் வராத மூத்தோர் வாராவாரம் கூடுகிறார்கள். மலாய், சீன மூத்தோர் குழுக்களும் அதே மன்றத்தில் உண்டு. வரைவை அவர்கள் கையில் கொடுங்கள். வாசித்த பிறகு, “இந்த நிறுவனம் முறிந்தால் உங்களுக்கு முன்னால் யார் காசு வாங்குவார்?” என்று கேட்போம். சரியான பதில் வராத வரிகளைக் குறித்து உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம், நீங்கள் திருத்தி அனுப்புங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உட்லண்ட்ஸ் சமூக மன்றத் தொண்டூழியர் ஒருவர்